விடுநூல் இல்லாத மடி

பாறசாலையில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு கடை உண்டு. கயிறு, நூல், மிதவை, ஈயக்குண்டு, ரப்பர் வெட்டும் கத்தி, ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டை என்று மலைக்கும் கடலுக்கும் வேண்டிய சாமான்களை ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறேன். மலைப்பக்கம் அம்பூரியிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்து பேசிப் பேசி வாங்குவார்கள். கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் நின்ற நிற்பில் வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். ஜேனட் அக்கா இந்த இரண்டிலும் சேராதவள். நூல்கண்டை எடுத்து ஒரு முழம் பிரித்து, பல்லில் கடித்து இழுத்துப் பார்ப்பாள். "இது பொய்யாக்கும்" என்று திருப்பி வைப்பாள். இருபத்திரண்டு வருஷமாக என் கடை நூலைப் பொய் என்று சொல்லிவிட்டு அதையே வாங்கிப் போகிற ஒரே மனுஷி அவள்தான்.

பொழியூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய கிராமம் அவளுடையது. வயது ஐம்பத்தேழு. கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளுடைய தம்பி நிக்கோலஸ் கரைமடி வைத்திருக்கிறான். கரைமடி என்றால், வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பது. நடுவில் பை போல இருக்கிற பாகத்துக்கு மடி என்று பெயர். இரண்டு பக்கத்து வலையும் கடையில் வாங்கலாம். மடியைக் கையால்தான் கட்ட வேண்டும். அந்தக் கை ஜேனட் அக்காவினுடையது. பன்னிரண்டு வீடுகள் அந்த மடியில் விழுவதைச் சாப்பிடுகின்றன.

பூவாறுக்குப் படகு சவாரிக்கு வருகிறவர்கள், கடலோரத்தில் வாழ நீங்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய பிறகு ஒரு வாரம் வந்து தங்கிப் பார்க்கட்டும். அக்கா கல்யாணம் ஆன புதிதில் அவள் வீட்டுக்கு முன்னால் நான்கு வரிசை வீடுகளும், அதற்கும் முன்னால் பிள்ளைகள் பந்து விளையாட மணலும் இருந்ததாம். இப்போது முன்வரிசையே அவளுடையதுதான். ஒவ்வொரு மிதுன மாதமும், அதாவது ஆனியில், பள்ளிக்கூடத்து நிவாரண முகாமுக்குப் போக வேண்டும். கர்க்கடகம், அதாவது ஆடி, கழிந்து திரும்பி வந்து அடுக்களையில் கிடக்கும் மணலை வாரி வெளியே கொட்ட வேண்டும். அவளுக்கு அது பழகிவிட்டது என்று நாம்தான் சொல்கிறோம். அவள் சொல்வதில்லை. "சீணமாக்கும் தம்பி, எலும்பு வரைக்கும் சீணம்" என்பாள். சீணம் என்றால் அசதி.

மழைக்காலத்தில் புது மடி கட்டுவாள். ஓணம் கழிந்து கடல் தெளிந்தால், ஆண்கள் பாறைகளில் சிப்பி பறிக்க முங்கும்போது அவள் வலையைக் கரையில் விரித்துப் போட்டுக் கிழிசல் அடைப்பாள். ஐப்பசி மழை நின்றதும் எங்கிருந்தோ ஆலாப் பறவைகள் கூட்டமாக வந்து எல்லாம் ஒரே திசையைப் பார்த்து மணலில் நிற்கும். அவள் அப்போதும் கிழிசல் அடைத்துக்கொண்டிருப்பாள். மார்கழி, தை மாதங்களில் கடலாமைகள் முட்டையிட ஏறும். நாய்கள் தோண்டாமல் இருக்கப் பிள்ளைகள் அந்த இடத்தைப் பழைய வலையால் மூடி வைப்பார்கள். அதுவும் அவள் கட்டிய வலைதான். தவக்காலத்தில் கோயிலுக்குக் குருத்தோலைச் சிலுவை பின்னவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அந்தக் குணம்தான் அவளைத் தின்றது என்பது என் கட்சி.

இரண்டு வருஷமாக வலது முழங்கை வீங்குகிறது. இதே வேலையைத் தொடர்ந்தால் கையைத் தூக்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஷைனா பாறசாலையில் குடியிருக்கிறாள். அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒழித்து, வெள்ளையடித்து வைத்திருந்தாள். இந்தக் கிறிஸ்துமஸ் கழிந்ததும் அக்கா கடலை விட்டு அங்கே வந்துவிடுவதாகப் பேச்சு. கடைக்கு வந்தபோது என்னிடமும் சொன்னாள்.

"இந்த மடியோட மதி தம்பி, போதும். இனி ஊசியைத் தொடமாட்டேன். அங்க போய் ஒரு மாசம் கெடந்து உறங்கணும்."

"உங்களால அலை சத்தம் இல்லாம உறங்க முடியுமா அக்கா?" என்று கிண்டல் செய்தேன்.

"அலை சத்தம் எனக்கு என்ன, தாலாட்டா? எப்ப சுவர இடிக்கும்ணு காதைக் கூர்மையாக்கி வச்சுக் கெடக்கேன் நான்" என்றாள்.

அவள் செய்த பிழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது டிசம்பரில்தான் தெரியவந்தது. நடந்தது ஜூலையில்.

அந்தக் கரையில் மடி கட்டுகிறவர்கள் எல்லாரும் பின்பக்கத்தில் ஒரு தையலை மட்டும் ஒற்றை நூலால் போடுவார்கள். அதன் நுனியை உருவுமுடிச்சாகப் போட்டு வெளியே ஒரு சாண் தொங்கவிடுவார்கள். அதற்கு விடுநூல் என்று பெயர். ஆமையோ பெரிய சுறாவோ உள்ளே அகப்பட்டால், அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் போதும். தையல் சரசரவென்று பிரிந்து மடியின் பின்பக்கம் திறந்துவிடும். வந்த பிராணி போகும், மடி மிஞ்சும். மறுபடி தைக்க ஒரு நாள் வேலை. ஆனால் ஒற்றை நூல் மணலில் உரசி உரசித் தேயும். மீன் அதிகம் விழுந்தாலும் அறும். வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது வந்து, "அக்கா, விடுநூலு போச்சு" என்று அவள் வாசலில் நிற்பார்கள். பாறசாலைக்குப் போனாலும் பஸ் பிடித்து வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

முகாமில், பள்ளிக்கூட வராந்தாவில், கை வீங்கிக் கிடந்த ஒரு நாளில் அவள் அந்தப் பின்தையலை மூன்று புரி நூலால், வலைக் கண்ணுக்குக் கண் முடிச்சிட்டு அடைத்துத் தைத்துவிட்டாள். இனி அது அறாது. யாரும் தேடி வரமாட்டார்கள். நிக்கோலஸ் கேட்டுவிடக் கூடாதே என்று வெளியே ஒரு சாண் நூலைச் சும்மா தொங்கவும் விட்டாள்.

அந்தப் பருவம் முழுவதும் ஆட்கள் அவளைப் புகழ்ந்தார்கள். "இந்த வருஷம் விடுநூலு ஒருக்கலும் அறுகல்ல, அக்காக்க கைராசியாக்கும்" என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாளாம்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை. நிக்கோலஸ் கேட்டிருந்த மிதவைகளை எடுத்துக்கொண்டு காலையில் நானே ஸ்கூட்டரில் போனேன். வளைத்துப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. மேலே இரண்டு செம்பருந்துகள் சுற்றின. அக்கா வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து முழங்கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் கயிறு நின்றுவிட்டது. இருபது பேர் குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தும் நகரவில்லை. நல்ல மீன்பாடு என்று முதலில் சிரித்தார்கள். மடி மார்பளவு தண்ணீருக்கு வந்தபோதுதான் முதுகு தெரிந்தது. கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், மூன்று ஆள் நீளம். உடும்பன் சுறா, அதாவது திமிங்கலச் சுறா.

பெயர்தான் சுறா, பாவப்பட்ட மீன் அது. யாரையும் கடிக்காது. அதைக் கொல்லக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. கரையேறிக் கிடந்தால் தன் உடம்பின் எடையிலேயே அது செத்துப்போகும் என்று நிக்கோலஸ் அதற்கு முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறான். அவன் அவசரமே படவில்லை. கயிற்றைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, நீந்திப் பின்பக்கம் போய் முங்கினான். கயிற்றைப் பிடிக்க ஆள் போதாமல் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்தேன். நிக்கோலஸ் மேலே வந்தபோது அவன் கையில் ஒரு சாண் நூல் இருந்தது.

"அக்கா! நூலு கையோட வந்துட்டு! தையலு பிரியல்ல!"

மறுபடி முங்கினான். வால் ஒரு முறை அடித்ததில் லிஜோ என்கிற பையன், வள்ளக்காரன், தெறித்துப் போய் விழுந்தான். கரையில் பெண்கள் கூச்சல் போட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஜேனட் அக்கா எழுந்து நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. சேலையைக்கூடத் தூக்கிச் செருகாமல் நேராகத் தண்ணீருக்குள் நடந்து வந்தாள். அலை ஒரு தடவை தள்ளிவிட்டது. எழுந்து மீண்டும் வந்தாள். மூச்சு வாங்க மேலே வந்த நிக்கோலஸை என் பக்கத்தில்தான் பிடித்து நிறுத்தினாள்.

"தேடாண்டாம் மக்கா. விடுநூலு கெடையாது. நான் அடைச்சுத் தச்சுட்டேன்."

அவன் புரியாமல் பார்த்தான். "என்ன சொல்லுத?"

"அப்புறம் என்னை ஏசு. கத்தியை எடு, அது சாவும்."

முடிச்சுகள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் கையால் கட்டிய முடிச்சு அவள் கைக்கே இளகவில்லை. தையலோடு வெட்டப் பார்த்துப் பார்த்து, மீன் அசைவது குறையக் குறைய, கடைசியில் மடியைக் குறுக்கே கிழிப்பதைத் தவிர வழியில்லை என்று ஆயிற்று. மூன்று கத்திகள் கிழித்தன. அக்கா ஒரு கையால் வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க வெட்டு, இங்க" என்று காட்டிக்கொண்டே இருந்தாள். கர்க்கடக மழை முழுவதும் அவள் கட்டிய வலைக் கண்கள் கால் மணி நேரத்தில் அறுந்தன. சுறா சற்று நேரம் அப்படியே கிடந்தது. பிறகு வாலை மெதுவாக ஆட்டியது. இன்னொரு தடவை ஆட்டியது. ஆழத்துக்குப் போய் மறைந்தது. கரையில் கைதட்டினார்கள். அதோடு அகப்பட்டிருந்த நெத்திலியும் சாளையும் போயின. மடி என்று மிஞ்சியது தோளில் போடக்கூட ஆகாத ஒரு கந்தல்.

கரைக்கு வரும்போது நிக்கோலஸ் அவள் காதோடு பேசினான். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டேன்.

"நீ ஒண்ணும் பேசாத. மீனு கிழிச்சுதுண்ணு நான் சொல்லிக்கிடுதேன். ஒருத்தனும் கேக்கமாட்டான். கிறிஸ்துமஸ் கழிஞ்சு நீ உனக்க பாட்டுக்கு ஷைனாக்க வீட்டுக்குப் போ."

நான் மனசுக்குள் ஆமென் சொன்னேன். போகட்டும், இந்த மனுஷி இனியாவது படுத்து உறங்கட்டும் என்று நினைத்தேன். அவளும் தலையை ஆட்டினாள். மணலில் ஏறிப் பத்தடி நடந்தாள். கந்தலைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். இனி தை மாத மீன் முழுவதும் இவர்களுக்கு இல்லை. பன்னிரண்டு வீடுகளில் ஒரு வீட்டுக்காரி கிழிந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே, "அக்கா நல்ல உறப்பாத்தான் கெட்டினாங்க, என்ன செய்ய, மீனு அப்படி" என்றாள்.

அக்கா நின்றுவிட்டாள்.

"மீனு கிழிக்கல்ல" என்றாள். சத்தமாக இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "நான் விடுநூலு வைக்கல்ல. வெளிய தொங்கினது சும்மாவாக்கும். எனக்க கையி வலிக்குது. யாரும் இனி என்னை வந்து விளிக்கப்பிடாதுண்ணு அடைச்சுத் தச்சேன். மடி போனது என்னாலயாக்கும்."

வசவு விழும் என்று நான் எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அழுதிருப்பாள், கோபப்பட்டிருப்பாள், பஸ் ஏறியிருப்பாள். யாரும் ஏசவில்லை. ஒரு கிழவர் "சாரமில்ல மக்கா, போட்டும்" என்றார். அந்த வீட்டுக்காரி தன் தோள் துண்டை எடுத்து அக்காவின் தலையைத் துவட்டிவிட்டாள். பிறகு லிஜோ, அவன் நல்லவன்தான், வெகு பணிவாகக் கேட்டான்.

"புது மடி எப்ப தொடங்குவிய அக்கா?"

எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. "ஏண்டே, பக்கத்துக் கொல்லங்கோட்டுல மடி கெட்ட வேற ஆளே இல்லியா? அந்தக் கையைப் பாத்தியா நீ?" என்று கத்தினேன். அவன் மிரண்டு போனான். அக்கா என் கையைத் தட்டி அடக்கினாள்.

"திங்களாச்ச தொடங்குதேன்" என்றாள் அவனிடம்.

எல்லாரும் கயிறு சுருட்டப் போனார்கள். அவள் நனைந்த சேலையோடு மணலில் உட்கார்ந்தாள். அவளுடைய போன் இடுப்பில் இருந்தபடியே கடலில் முங்கிவிட்டது. என் போனைக் கேட்டு வாங்கி ஷைனாவின் நம்பரைச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். எடுத்ததுமே ஷைனா, கட்டில் வந்துவிட்டது, ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

"எண்ணைக்கு வாறிய அம்மா?"

"ஈஸ்டர் கழியட்டும் மக்கா."

"செரி அம்மா" என்று ஷைனா வைத்துவிட்டாள்.

அக்கா போனைத் தன் சேலையில் துடைத்தாள். சேலையும் ஈரம் என்பது அப்போதுதான் தெரிந்ததுபோல அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"ஈஸ்டருக்கும் வரமாட்டேண்ணு அவளுக்குத் தெரியும் தம்பி. அதாக்கும் ஒண்ணும் கேக்காம வச்சது."