அடி கறுத்த தக்காளி

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் அந்த மனிதரை, குடியிருப்பில் எல்லோரும் டிரம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலுக்குப் பாதி, தொப்பைக்குப் பாதி என்று அந்தப் பெயரை வைத்ததே அவர் மனைவிதான். மெஷினில் காதை வைத்துக் கேட்டாலே எந்தப் பாகம் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். பேச்சு மட்டும் கிள்ளிக் கொடுத்தது போலத்தான் வரும். வீட்டில் பேசுகிற வேலை முழுவதையும் மனைவியே குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

அவளுக்குத்தான் மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொட்டியபோதுகூட, "சீப்புக்கு லீவு விட்டாச்சு" என்று சிரித்தாள். நாக்கில் ருசி செத்துப்போனதுதான் அவளை முடக்கியது. எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குவது போல இருக்கிறது என்பாள். தட்டு வைத்தது வைத்தபடி திரும்பி வரும். காலையில் எழுந்து உட்காரக்கூட மனமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

ஒரு நாள் அவர் கடையிலிருந்து தக்காளி வாங்கி நறுக்கி உப்புத் தூவிக் கொடுத்தார். ஒரு துண்டு வாயில் போட்டவள் தலையை ஆட்டினாள்.

"பார்க்கத்தான் சிவப்பு. உள்ள வெறும் பஞ்சு. செடியிலேயே பழுத்தது ஒண்ணு கிடைச்சா, புளிப்பாவது தெரியுமோ என்னவோ."

மறுநாள், ஓடாமல் போன மெஷின்களின் டிரம் நாலை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து அவர் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார். உள்ளே சாக்குப் போட்டு மண்ணும் மக்கிய குப்பையும் நிரப்பி, பால்கனியில் தக்காளி நாற்று நட்டார்.

ஆசை யாரை விட்டது? சீக்கிரம் காய்க்க வேண்டுமே என்று உரத்தை அள்ளி அள்ளிப் போட்டார். செடிகளும் கம்பிக்கு மேலே எம்பி, கரும்பச்சையாகத் தழைத்தன. இலை இருந்த இடத்தில் இன்னும் இலை வந்ததே தவிர, பேருக்கு ஒரு பூ கிடையாது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, நாற்று வாங்கிய நர்சரிக்காரரிடம் போனார்.

"அண்ணே, தழைச்சத்தாவே கொட்டியிருக்கீங்க. விருந்து சாப்பிட்டவன் வேலை செய்வானா? செடி தூங்குது. உரத்தை நிறுத்துங்க. பூ வந்ததும் சாம்பல்சத்து இருக்கிற உரமா, ஒரு சிட்டிகை போடுங்க. குழந்தைக்கு ஊட்டுற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா."

சொன்னபடி கேட்டார். மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாக வந்தன. வந்த வேகத்தில் உதிரவும் செய்தன. புறா வராமலிருக்க வலை கட்டிய பால்கனி. காற்றும் குறைவு, தேனீயும் வராது. காலை வெயில் ஏறியதும், மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்க, பூக்காம்பை விரலால் சுண்டிவிடச் சொன்னார் நர்சரிக்காரர்.

அவருடைய விரல்கள் ஸ்பானர் பிடித்துத் தடித்தவை. முதல் சுண்டலிலேயே ஒரு கொத்து முழுசாகக் கையோடு வந்தது. கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயையோ, தள்ளுங்க! பூவைச் சுண்டச் சொன்னா கழுத்தையே திருகுறீங்க!"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அன்றிலிருந்து அது அவளுடைய வேலையாயிற்று. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "எழுந்திரிங்கடி, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு" என்று ஒவ்வொரு பூவாகத் தட்டுவாள். அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்ப மனமில்லாமல் வாசலில் நின்று பார்ப்பார். பிஞ்சு பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டோடு சண்டை வந்தது. இரண்டாம் மாடியில் ஒரு தையல்காரம்மா குடியிருந்தாள். மருத்துவமனைகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கிறவள். தைத்து, துவைத்து, பால்கனிக் கொடியில் காயப்போடுவாள். டிரம் நிறைய ஓட்டை. அவர் ஊற்றிய உரத்தண்ணீர் பால்கனி வடிகுழாய் வழியாக நேரே வெள்ளைக் கோட்டுகளின் மேல் சொட்டிவிட்டது.

"மேல மனுஷங்கதான் இருக்கீங்களா? என் ரெண்டு நாள் வேலை மண்ணாப் போச்சே!"

தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வந்த வார்த்தை, "கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமே" என்பது. எரிகிற நெருப்பில் எண்ணெய். அதற்குப் பிறகு படிக்கட்டில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுபடி சண்டை வேண்டாம் என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டிப் பார்த்து, கீழே கொடி காலியாக இருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுவார். தையல்காரம்மாவுக்கு வேலை குவிந்தால் கொடி நாள்கணக்கில் காலியாகாது. செடிகள் தலை தொங்கி நிற்கும். கொடி காலியான நாளில், விட்டதையெல்லாம் சேர்த்து வாளி வாளியாகக் கவிழ்ப்பார்.

காய்கள் உருண்டு திரண்டன. பழுக்கிற நேரத்தில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் கன்றிக் கறுத்து, தோல் செருப்பு வார் போல இறுகியிருந்தது. அடுத்ததும் அப்படியே. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டார். சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார். கறுப்பு நிற்கவில்லை. கெட்ட காய்களை மனைவி கண்ணில் படாமல் பறித்து ஒளித்தார். ஒரு நாள் அவள் பார்த்துவிட்டாள். காயைக் கையில் வாங்கி, கறுத்த இடத்தை விரலால் தடவினாள்.

"இதுக்கும் கட்டியா?" என்றாள் மெதுவாக.

அவர் காயைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நர்சரிக்கு ஓடினார்.

நர்சரிக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "பயப்படாதீங்கண்ணே, இது நோயே இல்ல. ஒட்டாது, பரவாது. மண்ணுல சுண்ணாம்புச்சத்து இருக்கு. ஆனா அதைக் காய்க்குக் கொண்டுபோற வண்டி தண்ணிதான். வண்டி ஒரு நாள் வந்து நாலு நாள் வரலைன்னா சரக்கு எப்படிப் போய்ச் சேரும்? எப்ப தண்ணி ஊத்துறீங்க?"

"கீழ்வீட்டுக் கொடில துணி இல்லாதப்ப."

நர்சரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படின்னா வைத்தியம் என்கிட்ட இல்ல, உங்க மாடிப்படில இருக்கு. தினமும் அளவா ஊத்துங்க, அடுத்த காய் சுத்தமா வரும்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். 'நோயே இல்ல' என்ற இடத்தில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'கொடி' என்ற இடத்தில் எழுந்து நின்றாள்.

"இத்தனை நாளா நம்ம வீட்டுச் செடிக்கே திருட்டுத்தனமா தண்ணி ஊத்துனீங்களா? வாங்க கீழே."

மருத்துவமனைக்குத் தவிர அவள் படியிறங்கி மாதக்கணக்காயிற்று. கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கி இறங்கினாள். அவர் பின்னாலேயே கையை நீட்டியபடி வந்தார். கதவைத் திறந்த தையல்காரம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு தலையில் கட்டியிருந்த துணியையும் ஒட்டிய கன்னத்தையும் பார்த்தாள். உதட்டில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க ஊருக்குப் போயிருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்! ஏன்க்கா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு வாய்க்கு வந்தபடி கத்தினேனே!"

"கத்த வேண்டியதுதான். உங்க கோட்டு பாழானது நிஜம். இவருக்கு மன்னிப்புக் கேட்க வராது. அதான் நான் இறங்கி வந்தேன்."

"தப்பு என்னதும்மா" என்றார் அவர். ஒருவழியாக வந்துவிட்டது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மேலே இருந்த வடிகுழாயின் வாய் தையல்காரம்மாவின் பால்கனியிலிருந்துதான் எட்டும். பழைய மெஷினின் கழிவுக்குழாய் ஒன்றை அதில் மாட்டி, தண்ணீரைச் சுவரோரம் தரைக்கு இறங்கும் குழாய்க்குத் திருப்பிவிட்டார். தையல்காரம்மா ஒரு மூட்டை பருத்தித் துணி வெட்டல்களோடு மாடியேறி வந்து, ஈரம் காக்கட்டும் என்று மண்ணின் மேல் பரப்பினாள். அவர் விடியற்காலையில் வேலைக்குப் போகிற நாள்களில் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். ஊற்ற வந்தவள் உடனே போக மாட்டாள். பட்டனுக்குக் காஜா எடுக்க வேண்டிய கோட்டோடு உட்கார்ந்துவிடுவாள். அவர் வேலை முடிந்து வரும்போது இரண்டு பெண்களின் சிரிப்பு படிக்கட்டு வரை கேட்கும். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

அடுத்த கொத்தில் ஐந்து காய். ஒன்றிலும் கறுப்பில்லை. செடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டு, ஒரு காலையில் முதல் பழத்தைப் பறித்துத் துடைத்து மனைவியிடம் கொடுத்தார். தையல்காரம்மாவும் பக்கத்தில் நின்றாள். மனைவி கடித்தாள். மென்றாள். முகம் சுருங்கியது.

"புளிக்குது" என்றாள். இன்னொரு கடி. சாறு முழங்கைக்கு வழிந்தது. "என்னங்க, புளிக்குதுங்க!"

முழுப் பழத்தையும் தின்றுவிட்டுக் கையை நக்கினாள். ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே வேகம் இறங்கிய காலமாக இருக்கலாம், பழத்தின் மகிமையாக இருக்கலாம். அவர் அதை ஆராயவில்லை. திரும்பி நின்று செடிக்குக் கயிறு கட்டுகிறவர் போல நேரம் கடத்தினார்.

யாருக்கு நன்றி சொல்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் காய்த்ததையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தார். முதல் பை தையல்காரம்மாவுக்கு, அடுத்தது நர்சரிக்காரருக்கு. கடைசி மருந்து ஏற்றிய அன்று ஒரு பை நிறைய மருத்துவமனைக்கும் எடுத்துப் போனார். ஊசி குத்தும்போதெல்லாம் கதை பேசி வலியை மறக்கடித்த நர்ஸ், ஜன்னலோரம் நின்றபடியே ஒன்றைக் கடித்து, "கடையில எங்க கிடைக்குது இந்த ருசி!" என்றாள்.

எதிர்க் கட்டிலில் கையில் குழாயோடு ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

"தம்பி, எனக்கும் ஒண்ணு கிடைக்குமா? வாயெல்லாம் ஒரே இரும்பு."

டிரம் அண்ணன் பைக்குள் கையை விட்டுத் துழாவி, இருந்ததிலேயே நன்றாகச் சிவந்ததை எடுத்துக் கழுவி, அவர் உள்ளங்கையில் வைத்தார்.