காலி டம்ளர்

பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆசிரியையாக இருந்தபோது, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் இருந்தார். ஒடிசலான உடம்பு, கறையேறிக் கறுத்த விரல்கள். பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒருவன் மனைவியை அடிக்கத் தொடங்கினால் மற்ற வீடுகளில் டீவி சத்தத்தைக் கூட்டுவார்கள். இவர் மட்டும் காலி டம்ளரோடு போய் அந்தக் கதவைத் தட்டுவார்.

"கொஞ்சம் சீனி குடுங்க."

அவன் கதவைத் திறப்பான். அடி நிற்கும்.

"உங்க வீட்டுல சீனி இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டப்பா நெறைய இருக்கு டீச்சர். அடிக்காதடான்னா எங்க குடும்ப விஷயம்னுவான். சீனி கேட்டா தொறந்துதானே ஆகணும்?"

"தோட்டத் தலைவர்கிட்ட சொல்லலாமே?"

"சொல்லியாச்சு. கோயில்ல கற்பூரம் கொளுத்தி இனி அடிக்கமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டு, அவள அவன்கூடவே அனுப்பிட்டாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா தன் மகளைப் பார்க்க வெலிமடைக்குப் போயிருந்தார். மத்தியானம் அந்த அலறல் கேட்டது. எல்லா டீவிகளும் உரக்கப் பாடின. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு என் வாசல்வரை வந்தேன். அதற்குமேல் கால் நகரவில்லை.

அவள் குரல் அடங்கிப்போன பிறகும் டம்ளர் என் கையிலேயே இருந்தது.