அம்மா எடுத்துக்கொடுத்த அடி

ரோட்டர்டாம் போகும் காலை ரயிலில் பேசக் கூடாத பெட்டி ஒன்று உண்டு. கண்ணாடியில் 'ஸ்டில்டே' என்று எழுதியிருக்கும். டச்சு மொழியில் மௌனம் என்று பொருள். எங்கள் தூத்துக்குடி டவுன் பஸ்ஸில் ஒருத்தி அரை மணி நேரம் வாய் திறக்காமல் வந்தால் வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். இங்கே அதற்கென்றே தனிப் பெட்டி. நான் விரும்பி ஏறுவதும் அதில்தான். பழைய பாட்டு ஒன்றை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனால் நான் வேலை பார்க்கும் துறைமுக அலுவலகம் வந்துவிடும்.

போன மாதம் ஒருநாள் என் உதடு அசைந்திருக்கிறது போல. எதிரே இருந்த பெரியவர் குனிந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கிசுகிசுத்தார்.

"இல்லை, ஒரு பாட்டு. மனப்பாடம் சொல்லிப் பார்க்கிறேன்."

"பரீட்சையா?"

"அதெல்லாம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது."

அவர் முகத்தில் இரக்கம் வந்தது. "பாஸ் ஆகவில்லையா?"

சிரித்துவிட்டுப் பாட்டுக்குத் திரும்பினால் ஐந்தாவது அடியைக் காணோம். பதின்மூன்று வயதில், மேடையில் என்னை விட்டுப் போன அதே அடி.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. தமிழ்ப் புத்தகத்தில் மனப்பாடப் பகுதிக்கு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். மில்லர்புரத்து வாடகை வீட்டில் அம்மா மீன் அலச, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைச் சத்தம்போட்டுப் படிப்பேன். மற்ற பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது புத்தகத்தைப் பிடித்துச் சரிபார்ப்பார்கள். எனக்கு நானேதான். அதில் எனக்குக் கர்வம் உண்டு; இன்றும் உண்டு.

அந்த வருஷம் ஊர்ப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்த ஒப்புவித்தல் போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கரை தெரியாமல் கடலில் தவிக்கிறவன் இறைவனைக் கூப்பிடும் பக்திப் பாட்டு. அம்மா வேலைக்குப் போகாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான்கு அடி கணீரென்று சொன்னேன். ஐந்தாவது வரவில்லை. மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் அந்த அடியை முழுசாக, பிழையில்லாமல் எடுத்துக்கொடுத்தது. கூட்டம் சிரித்தது. நடுவர் பேனாவை மூடினார். யாராவது எடுத்துக்கொடுத்தால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்பது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. கோயிலில் பாடுகிறவர் தடுமாறினால் கேட்கிறவர்கள் அடியெடுத்துக் கொடுப்பார்கள். அவள் கண்ட முறை அதுதான்.

பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கத்தினேன்: "ஒரு எழுத்து தெரியாது, ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல?"

"சரிளா," என்றாள் அம்மா. "இனிமே வாயத் தொறக்கல."

சொன்னபடியே இருந்தாள். நான் பாட்டுப் படிக்க உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். படிக்கத் தெரியாதவளுக்கு அந்த அடி எப்படித் தெரிந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் அனெக்கே, "எல்லாம்தான் போனில் இருக்கிறதே, புரியாத வயதில் எதற்கு மனப்பாடம்?" என்பாள். நியாயமான கேள்விதான். பதின்மூன்று வயதில் பொழிப்புரையும் சேர்த்தே ஒப்புவித்தேன். புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நாட்டில் என் முதல் குளிர்காலத்தில், பேச ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரை தெரியாமல் நிற்பது என்னவென்று அந்தப் பாட்டு தானாக வந்து எனக்குச் சொன்னது. போனில் இருப்பதை நான்தான் தேடிப் போக வேண்டும்.

அன்றைக்கு ரயிலிலும் போனில் தேடியிருந்தால் ஐந்தாவது அடி கிடைத்திருக்கும். தேடவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம்; அவள் உப்பளத்திலிருந்து திரும்பியிருக்கும் நேரம்.

"எம்மா, அந்தக் கடல் பாட்டுல அஞ்சாவது அடி மறந்துட்டு."

"எந்தப் பாட்டு?" தெரியாதவள் போலக் கேட்டாள்.

"போட்டியில நீ எடுத்துக்கொடுத்தியே. அன்னைக்கு நான் அப்பிடிப் பேசுனது தப்பும்மா."

"நாஞ் சொன்னா ஒன்ன வெளிய போவச் சொல்லிருவாவள்ளா? வெளிநாட்டுல வேற இருக்க. யோசிச்சுக் கேளு."

"இங்கன மார்க்குப் போட யாரும் இல்ல. சொல்லும்மா."

சொன்னாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எட்டோடு எனக்குப் பாட்டு முடிகிறது. அம்மா நிறுத்தவில்லை.

"இன்னும் இருக்கா?"

"ஒம் புத்தகத்துல பாதிதாம் போட்டுருக்கான். கோயில்ல வெள்ளிக்கெழமதோறும் பூராத்தையும் பாடுவாவ. இதுக்குப் பொறவுதாம்ளா அவன் சாமிய ஏசுதான். இம்புட்டு நேரம் கூப்புடுதேன, ஒரு வார்த்த பேசுனா என்னன்னு. எனக்கு அதுதாம் பிடிக்கும்."

இத்தனை வருஷம் நான் அரைப் பாட்டை வைத்துக்கொண்டு கர்வப்பட்டிருக்கிறேன்.

"மொதல்லருந்து வா, சேந்து சொல்லுவோம்," என்றாள். சேரவில்லை. என் குரல் அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேருகிறது. பிள்ளை தடுமாறுகிறாள் என்று அவள் நிற்கிறாள்; அவள் நின்றுவிட்டாளே என்று நானும் நிற்கிறேன். அடுத்த ரயிலும் போனது. ஓர் அடியின் நடுவே, ஆளுக்கொரு சொல்லில் நின்றபடி, மற்றவள் தொடங்கட்டும் என்று இருவரும் காத்துக்கொண்டிருந்தோம்.