கூட்டம் குறைந்த கிளினிக்

டாக்டரம்மாவுக்கு முன்பு அந்த கிளினிக்கில் இருந்தவர் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. "என்ன?" என்பார், பதில் முடிவதற்குள் மருந்துச்சீட்டைக் கிழித்து நீட்டிவிடுவார். வாங்கிப் போனவர்கள் அடுத்த வாரமே அதே பெஞ்சில் வந்து உட்காருவார்கள். சிலரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார். தன்னையும் சேர்த்து அங்கிருந்த இரண்டு டாக்டர்களில் ஒருவரே ஒரு நோயாளியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்; புது ஆளிடம் முதலிலிருந்து ஒப்பிக்கும் வேலை இல்லை. சர்க்கரைக்காரர்கள் வரத் தவறினால் நர்ஸ் போன் போட்டு விசாரிப்பார். என்ன மாத்திரை கொடுத்தும் ஒரு கொத்தனாருக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டரம்மாவே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். மனிதர் தன் மாத்திரையை மனைவியோடு பங்குபோட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கும் அதே வியாதிதானே டாக்டர்? ரெண்டு பேரும் எதுக்கு அலையணும்னு..."

"நல்லா இருக்கு உங்க சிக்கனம்! இனிமே ஜோடியா வாங்க. இப்ப செருப்பைக் கழட்டுங்க, காலைப் பாக்கணும்."

சில வருடங்களில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. ஒரு நாள் மேலதிகாரி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஈ ஓட்டிட்டிருக்கீங்க?"

"ஆம்புலன்ஸ்ல போறவங்க பாதியாக் குறைஞ்சிருக்காங்க சார். இதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

"அதெல்லாம் சரி. கூட்டமே இல்லாத இடத்துக்கு எதுக்கு ரெண்டு டாக்டர்?"

டாக்டரம்மா மேலிடத்துக்கு நடையாய் நடந்தார். பலிக்கவில்லை. கிளினிக்கை மூடினார்கள். நோயாளிகளை இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வேறொரு கிளினிக்கில் சேர்த்தார்கள். டாக்டரம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கூட்டம் பிதுங்கியது. அதிகாரி மகிழ்ந்து போய்க் கூடுதல் கட்டில்கள் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கட்டில்களில் ஒன்றில்தான் கொத்தனாரைக் கிடத்தினார்கள். கால் விரல்கள் கறுத்து, புண் கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"அந்தப் புது கிளினிக்குக்கு ரெண்டு தடவை போனேன் டாக்டர். ரெண்டு தடவையும் வேற வேற ஆளு. செருப்பைக் கழட்டக் குனியறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க."

"வாய் இல்லையா உங்களுக்கு? காட்டாம நகரமாட்டேன்னு நின்னிருக்க வேண்டியதுதானே!" டாக்டரம்மா கத்திவிட்டார்.

"நீங்களாத்தான் கேப்பீங்க. அப்படியே பழகிப்போச்சு" என்றார் அவர், தான்தான் தப்பு செய்துவிட்டதுபோல.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இந்த மனிதரைத் திட்டியிருக்கிறோம் என்று டாக்டரம்மாவுக்கு உறைத்தது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் கொத்தனாரின் மனைவி டாக்டரம்மாவை நடைவழியில் மடக்கினாள்.

"எனக்கும் பாதம் மரத்துப் போகுது டாக்டர். நான் யாரைப் பாக்கறது?"

அவசரப் பிரிவில் அதையெல்லாம் பார்க்க அனுமதி இல்லை. ஆனாலும் அவளை ஓரமாக உட்கார வைத்துப் பாதத்தைப் பார்த்தார். பிறகு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய அந்த கிளினிக்கின் பெயரையே சொல்லி அனுப்பினார். வேறு இடம் எதுவும் இல்லை.