பிரேக் பூட்டியாச்சு

கொட்டாஞ்சேனை அக்கா சொன்னால் சொன்னதுதான். "டிசம்பர் முப்பத்தொண்ணு மத்தியானத்துக்குள்ள இந்த வண்டி சொந்த இஞ்சின்ல கேட்டத் தாண்டி ரோட்டுக்குப் போகணும். போகலன்னா பழைய இரும்புக்காரனுக்கு." இதைச் சொன்னது ஜனவரியில். சொன்னதோடு விடவில்லை. சமையலறையில் தொங்கிய புதுக் கலண்டரின் கடைசித் தாளைப் புரட்டி, அந்தத் தேதியைச் சுற்றிப் பேனையால் வட்டமும் போட்டுவிட்டார்.

நியாயம் அவர் பக்கம்தான். வீடு அவருக்குச் சீதனமாக வந்தது. அந்த முற்றத்தில்தான் அவருடைய கணவரும் நானும் பழைய பிக்கப்புகளைக் கொண்டுவந்து போட்டுத் திருத்திக்கொண்டிருந்தோம். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். கொழும்புத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருப்பவன். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துவது என் வேலை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் ஒரே பக்கவிளக்குக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

முதலாவது பிக்கப்பை ஒன்றரை வருடத்தில் முடித்தோம். அது இன்றைக்கும் வத்தளையில் மரக்கறி ஏற்றுகிறது. இரண்டாவது நாலு வருடம் முற்றத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அக்கா உடுப்புக் காயப்போட இடமில்லாமல் குசினிக்குள், அடுப்புக்கு மேலே கொடி கட்டினார். மூன்றாவதுதான் இது. கல்கிசையில் ஒரு வீட்டின் பின்புறம் கோழிக்கூடாக இருந்த ஜப்பான் பிக்கப். சீற்றுக்கு அடியிலிருந்து ஏழு முட்டை எடுத்தோம். அதைப் பார்த்த அன்றே அக்கா தேதி குறித்துவிட்டார்.

அண்ணை கிழமை நாட்களில் வேலை செய்வார். நான் ஞாயிறு காலையில் போவேன். அந்த நேரம் அவர்கள் இரண்டு பேரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருப்பார்கள். அதனால் என்னென்ன முடிந்தது, என்னென்ன பாக்கி என்று அண்ணை வெண்கட்டியால் சுவரில் எழுதி வைப்பார். படித்துவிட்டு நான் தொடர்வேன். நல்ல ஏற்பாடு. அதைக் கெடுத்தவன் நான்.

அண்ணை 'ரேடியேட்டர் கிளீன் பண்ணியாச்சு', 'கிளச் ஃபிட் பண்ணனும்', 'பிரேக் லாக்' என்றெல்லாம் எழுதுவார். இருபத்தெட்டு வருடம் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? நான் சிவப்பு வெண்கட்டி வாங்கிக்கொண்டு போய், 'கிளீன்' என்பதை வெட்டி மேலே 'துப்புரவு' என்று எழுதினேன். 'லாக்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'தமிழ்?' என்று கேட்டு வைத்தேன். பகிடிக்குத்தான். ஆனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அண்ணை கோபிக்கவில்லை. "எடிட்டர் தம்பிக்குப் புடிச்ச மாதிரியே இனிமே எழுதுறேன்" என்று சிரித்தார்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு. முதல் கிழமைதான் இஞ்சின் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்தது. பாக்கி இருந்தது பிரேக் மட்டுமே. பழைய எண்ணெய்க் குழாய் ஒழுகியதால் கழற்றியிருந்தோம். புதியதை அந்தக் கிழமை அண்ணை போடுவதாகப் பேச்சு. நான் போய்ச் சுவரைப் பார்த்தேன். கொட்டை எழுத்தில், ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, அழகான தமிழில் எழுதியிருந்தது: 'பிரேக் பூட்டியாச்சு.'

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குக் கழற்றியதைத் திரும்பப் பொருத்துவதுதான் பூட்டுவது. சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவோம், மோட்டரைக் கழற்றிப் பூட்டுவோம். பிரேக் பூட்டியாகிவிட்டது என்றால் வண்டி தயார். தேதிக்கு மூன்று கிழமை இருக்கவே அக்காவின் முகத்தில் கரி பூசலாம் என்று நினைத்தேன்.

சில்லுக்கு அடியில், வண்டி உருளாமல், செங்கல் வைத்திருந்தது. தட்டி எடுத்தேன். இஞ்சினை ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் போட்டு, கை பிரேக்கை விட்டேன். கொட்டாஞ்சேனையில் பாதி முற்றங்கள் சரிவுதான். இதுவும் கேட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். வண்டி மெல்ல உருண்டது. பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரைக்கும் போனது, ஒன்றும் பிடிக்கவில்லை. பதற்றத்தில் கிளச்சையும் சேர்த்து மிதித்துவிட்டேன், அதனால் வண்டி இன்னும் சுதந்திரமாக ஓடியது. கை பிரேக்கை இழுத்தேன். நாற்பது வருடக் கம்பி அறுந்து பிடி கையோடு வந்தது. அடுத்த சத்தம், கேட்டின் தூண் விழுந்த சத்தம்.

தூணும் மதிலில் பாதியும் போய்விட்டன. அக்காவின் ரோசாச் சாடிகள் ஆறும் செங்கல்லுக்கு அடியில். பிக்கப்பின் முன்பக்கம் நசுங்கி, ரேடியேட்டர் விசிறிக்குள் போயிருந்தது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல் மட்டும். அறுந்த பிடியைக் கையில் வைத்தபடி உள்ளேயே இருந்தேன். பூசை முடிந்து அவர்கள் இரண்டு பேரும் நடந்து வந்தபோதும் அப்படியேதான் இருந்தேன்.

"தம்பி, அடி பட்டுச்சா?" என்று அக்கா ஓடிவந்தார். இல்லை என்று தெரிந்ததும் சாடிகளின் பக்கம் திரும்பினார். கோயிலுக்குக் கட்டிய சேலையோடு கீழே குந்தி, சாடித் துண்டுகளைப் பொறுக்கினார். பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. குற்றம் செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வரும்?

"பிரேக் பூட்டியாச்சு எண்டெல்லோ எழுதி வைச்சிருக்கிறியள்!" என்று அண்ணையைப் பார்த்துக் கத்தினேன்.

"ஆமா. பூட்டியாச்சுன்னுதான் எழுதுனேன். பூட்டி வெச்சத எதுக்குத் தொறந்தீங்க?"

"பூட்டினா ஓடலாந்தானே அண்ணை!"

"பூட்டுனா எப்படிங்க ஓடும்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்குப் பைத்தியமோ என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். கடைசியில் கீழே குந்தியிருந்த அக்காதான் தலை நிமிராமல் சொன்னார். "இவருக்குப் பூட்டுன்னா லாக்கு. உங்களுக்குப் பூட்டுன்னா ஃபிட்டிங்கு. போங்க ரெண்டு பேரும்."

நடந்தது இதுதான்: வாங்கிய குழாய் நீளம் போதாமல் இருந்திருக்கிறது. பிரேக் இல்லாத வண்டியை யாரும் அசைக்கக்கூடாது என்று அண்ணை கை பிரேக்கை இறுக்கி இழுத்து, செங்கல் வைத்து, வழக்கம்போல 'பிரேக் லாக்' என்று எழுதப் போயிருக்கிறார். என் சிவப்பு வட்டம் நினைவுக்கு வர, எனக்காக நல்ல தமிழ்ச் சொல் தேடி எழுதியிருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. வெட்கத்தை விடப் பெரிய பயமும் வந்தது: யாராவது கேட்டடியில் நின்றிருந்தால்?

வண்டியை இரும்புக்கே கொடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். அக்கா சொன்னார்: "மொதல்ல செவரு. அப்புறம் வண்டி. ஆள் வெக்கக் கூடாது, இடிச்சவங்களே கட்டணும். தேதி மாறாது."

அவர் எங்களைத் தண்டிக்கிறாரா, விட்டுவிடாதீர்கள் என்கிறாரா என்று விளங்கவில்லை. எதுவானாலும் எனக்கு வைராக்கியம் பிடித்தது. பத்திரிகைக் கந்தோரில் லீவு போட்டேன். தினமும் வெள்ளவத்தையிலிருந்து முதல் பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து நடப்பேன். ஒன்பது நாள் மதிலுக்கே போனது. தூணுக்குள் கம்பி வைத்து, அகலமாகக் கொங்கிரீட் போட்டோம். "கப்பல் வந்து முட்டுனாலும் அசையாது" என்றார் அண்ணை. கை இரண்டும் சீமெந்தில் வெந்து தோல் உரிந்தது. பிறகு பஞ்சிகாவத்தை. ரேடியேட்டரைப் பற்றவைத்து வாங்கினோம். நீளமான குழாய் ஒன்று தேடிப் பதினேழு கடை ஏறினேன். நசுங்கிய முன்பக்கத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு முகமாக்கினேன். அழகாக இல்லை. முகம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

சுவரில் எழுதுவது நிற்கவில்லை. ஆனால் புதுச் சட்டம் ஒன்று வந்தது. யார் எழுதினாலும் அக்கா படித்து, விளங்கினால் கீழே ஒரு கோடு இழுப்பார். கோடு இல்லாத செய்தி செல்லாது. 'பிரேக் ஃபிட் பண்ணி, காத்து எடுத்து, மிதிச்சுப் பார்த்தாச்சு. புடிக்குது' என்று அண்ணை எழுதிய வரியின் கீழே அவர் இரண்டு கோடு இழுத்திருந்தார். சிவப்பு வெண்கட்டியை நான் எப்போதோ வீசிவிட்டேன்.

கிறிஸ்து பிறந்த நத்தார் அன்று வேலை கூடாது என்று உத்தரவு. சாப்பிட மட்டும் போனேன். அண்ணையும் நானும் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலால் வண்டியையே பார்த்தோம். அக்கா திரைச்சீலையை இழுத்து மூடினார்.

முப்பத்தோராந் தேதி காலை பத்து மணிக்கு இரும்புக்காரன் லொறியோடு வந்து நின்றான். அக்கா சொல்லித்தான் வந்திருந்தான். வண்டி முதல் இரண்டு தரமும் இருமிவிட்டு நின்றது. மூன்றாம் தரம் பிடித்தது. அண்ணை ஒரு தரம் பிரேக்கை மிதித்துக் காட்டினார், வண்டி நட்டுவைத்த மாதிரி நின்றது. நான் கேட்டைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ" என்று கை காட்டினேன்.

வந்தது. கேட்டுக்கு நடுவில் நின்றது. நான் இடப்பக்கம் ஓடிப் பார்த்தேன். எங்கள் புதுத் தூண் பழையதை விட நாலு அங்குலம் தடிப்பு. வண்டி போக இரண்டு விரற்கடை இடம் குறைந்தது. பின்னுக்கு எடுத்து, சரித்து, திருப்பி, எல்லாம் செய்து பார்த்தோம். இரும்புக்காரன் லொறியில் சாய்ந்தபடி சிரித்துச் சிங்களத்தில் சொன்னான். "மேக எலியட்ட யன்னே நே, மாத்தயா." இது வெளியே போகாது, ஐயா. மணி பதினொன்றே முக்கால். அண்ணை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே தூணை அளந்தேன், அளந்தால் குறையும் என்பதுபோல.

அக்கா குசினியிலிருந்து வெளியே வந்தார். தூணைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். இஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை சாவியில் கை வைக்கப்போக, "நிப்பாட்டாதீங்க!" என்று கத்தினார். முற்றத்து மூலைக்குப் போய், கடப்பாரை மாதிரிக் கனத்த அலவாங்கை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஒன்பது நாள் கட்டினது" என்றேன்.

"செவரு திரும்பக் கட்டலாம் தம்பி. இது திரும்ப ஸ்டார்ட் ஆகுமோ என்னமோ. தள்ளி நில்லுங்க."

முதல் அடியை அவரே அடித்தார்.