செத்தவீட்டுக்குப் போன வயலின்

முதலில் நான் கவனித்தது வயலினை இல்லை. வயலின் தொடங்குவதற்குச் சற்று முன்னால், வாசிக்கிறவர் மூக்கால் மூச்சு இழுக்கிற சத்தம்...

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, முல்லைத்தீவில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. அதனால் கடைக்கார ஜூட் அண்ணை என்னைப் பின்பக்கக் கொம்பியூட்டரில் இருத்திவிட்டார். பாஸ்போட் படத்துக்கு வெள்ளைப் பின்னணி போடுவது, ஆட்களின் போனுக்குப் பாட்டு ஏற்றுவது... இவைதான் வேலை.

ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த ஒரு அக்கா, படம் பிரிண்ட் எடுக்கத் தந்த பென்ட்ரைவில்தான் இந்த இசையும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "விருப்பமெண்டால் கொப்பி பண்ணி வைச்சிரும் பிள்ளை" என்றார்.

நூறு, நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய வயலின் கொன்செர்ட்டோக்கள். ஒரு வயலின் முன்னுக்கு வாசிக்க, பின்னால் ஒரு பெரிய வாத்தியக் குழு சேர்ந்துகொள்ளும். ஃபோல்டரின் பெயர் "ரொமான்டிக்".

ஜூட் அண்ணை எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, லவ் பாட்டே? கொம்மாட்டச் சொல்லவோ?"

"இல்லை அண்ணை... பாட்டே இல்லை. வயலின் மட்டும்தான்."

"பாட்டில்லாமல் அரை மணித்தியாலமோ! ஆர் உதைக் கேக்கிறது?"

நான்தான் கேட்டேன்.

அதில் ஒரு கொன்செர்ட்டோ இரண்டு தரம் இருந்தது. அதே இசை, வாசித்தவர்கள் வேறு. ஒன்று பழைய ரெக்கோர்டிங். அடியில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சு கேட்டது அதில்தான். மற்றது புதியது, ஒரு பெண் வாசித்தது. கண்ணாடி துடைத்த மாதிரித் துப்புரவு.

நடுப்பகுதி மெதுவாக வரும். அதில் ஓர் உயரமான இடம் இருக்கிறது. அந்தப் பெண் அதைத் தொட்டுவிட்டு உடனே இறங்கிவிடுவார். பழைய ஆள் இறங்க மாட்டார்... பின்னால் இருக்கிற அத்தனை வாத்தியங்களும் அவருக்காகக் காத்து நிற்கும். கரைவலை இழுக்கிறவர்கள் முன்னுக்கு நிற்கிறவரின் குரலுக்காகக் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார்களே, அப்படி.

இரண்டையும் மாறி மாறிக் கேட்பேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக அறிவிப்பார்கள். முதலில் கொஞ்சம் சோக இசை, பிறகு பெயர், பிறகு அடக்கம் எத்தனை மணிக்கு என்பது. அந்த ஒலிப்பதிவு எங்கள் கடையில்தான் நடக்கும். எல்லாச் சாவுக்கும் ஒரே இசை. அது கேட்டாலே சந்தையில் ஆட்கள் கதையை நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள் நாயாறு என்கிற கரையோர ஊரிலிருந்து ஒரு ஐயா வந்தார். கடல் தொழில் செய்கிறவர். தாய் காலையில் இறந்திருந்தா. ஜூட் அண்ணை வழக்கமான இசையைப் போட்டதும் ஐயா கையைக் காட்டி மறித்தார்.

"தம்பி, இது வேண்டாம். இது எல்லாற்ர சாவுக்கும் போடுறது. எங்கட அம்மாவுக்கு வேற ஏதும் போடு."

ஜூட் அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உன்ர வயலின்ல ஒண்டை எடு."

எனக்கு விருப்பமில்லை. ஓட்டோவில் போய்விட்டால் பிறகு அது செத்தவீட்டு இசைதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் வாசித்ததைப் போட்டேன். எனக்கு மற்றதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஐயா கொஞ்சம் கேட்டார். "நல்லாத்தான் கிடக்கு மோனை... ஆனால் இவ அவசரமாய்ப் போறா."

அதுவரை நான் மட்டும்தான் அதைக் கவனித்ததாக நினைத்திருந்தேன்.

அவருடைய காலைப் பார்த்தேன். ஒரு காலில் நீலச் செருப்பு, மற்றதில் கறுப்பு.

பழையதைப் போட்டேன்.

அந்த உயரமான இடம் வந்தபோது அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஜூட் அண்ணை நிறுத்தப் போக, "நிப்பாட்டாதை தம்பி, விடு" என்றார். அந்தப் பகுதி முடியும்வரை ஓடவிட்டேன்.

அதில் ஒரு நிமிஷத்தை வெட்டிக் கொடுத்தேன். பின்னேரம் ஓட்டோ எங்கள் வீட்டைக் கடந்தும் போனது. அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டா.

நான் நினைத்தபடியேதான் நடந்தது. அடுத்த சாவுக்கும் "நாயாற்று அம்மாவுக்குப் போட்டதைப் போடுங்கோ" என்று கேட்டு வந்தார்கள். அதற்கடுத்ததற்கும். நான் அதை வீட்டில் போட்டுக் கேட்டால் அம்மா ஏசுவா. "உந்தச் செத்தவீட்டுப் பாட்டை வீட்டுக்குள்ள போடாதையடி!"

இப்போது எனக்குப் பத்தொன்பது. அதே கடை, அதே கொம்பியூட்டர். அப்போது அந்த இசை என் ஹெட்செட்டுக்குள் மட்டும் இருந்தது. இப்போது வற்றாப்பளை, நாயாறு என்று எல்லா ஊர் ஆட்களுக்கும் அதைத் தெரியும்... ஒரு நிமிஷம் மட்டும். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெதுவான பகுதி முடிந்த கையோடு வயலின் துள்ளிக்கொண்டு ஓடும். கலியாண வீட்டுக்குப் போடலாம், அப்படி ஒரு ஓட்டம்.

போன கிழமை ஜூட் அண்ணை சாப்பிடப் போன நேரம், கடையில் ஆளில்லை என்று ஸ்பீக்கரிலேயே போட்டேன். மெதுவான பகுதி முடிகிற நேரம், ரோட்டால் போன ஒரு அன்ரி சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினா. முகம் மாறியிருந்தது.

"பிள்ளை, ஆர் செத்தது?"

இப்படியான கேள்விக்கு ஜூட் அண்ணைதான் பதில் சொல்வார்.

"ஒருத்தரும் சாகேல்லை அன்ரி. இது இன்னும் முடியேல்லை. இனித்தான் சந்தோசமாய் வரும், நிண்டு கேளுங்கோ" என்றேன்.

ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன்.