பொன்மலர் அக்காவும் திறக்காத அம்பாரமும்

சென்ற செவ்வாய்க்கிழமை நான் பள்ளி விட்டு வந்தபோது, அப்பா காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் அதிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கி, "பொன்மலர் போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குன்னா, கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டுதான் வந்தா" என்றார். மில்லர்புரத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த ஆடிட்டர் பொன்மலர் அக்கா இறந்துவிட்டார் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

உங்களில் பலருக்கு அவரை வரிக்கணக்கு பார்த்தவராகத் தெரியும். சிலருக்கு ஊரோடு ஒத்துப்போகத் தெரியாதவராகத் தெரியும். நான் ஒரு பகல்பொழுதைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மார்ச் முடிவில், ஓர் உப்பு நிறுவனத்தின் இருப்பைச் சரிபார்க்க அக்காவும் அவருடைய சீனியரும் கிளம்பினார்கள். கார் அப்பாவுடையது, ஓட்டியதும் அவர்தான். பள்ளி விடுமுறை என்பதால் முன் இருக்கையில் புத்தகத்தோடு நானும் இருந்தேன். அந்த ஆண்டு மழை வெள்ளத்தில் உப்பளங்கள் கரைந்துபோயிருந்தன. ஆனாலும் லாபம் எப்போதும்போலவே இருக்கும் என்று நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது. பனை ஓலையால் மூடிய உப்புக் குவியல்கள், அதாவது அம்பாரங்கள்தான் அதற்குச் சாட்சி. குவியல் பெரிதானால் இருப்பு அதிகம், இருப்பு அதிகமானால் லாபமும் அதிகம். நல்ல ஆண்டில் குறைத்துக் காட்டி, கெட்ட ஆண்டில் கூட்டிக் காட்டினால் லாபம் மேடுபள்ளம் இல்லாமல் போகும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

போனதும் முதலாளி வீட்டுச் சாப்பாடு, பிறகுதான் அளவு. அதுதான் வழக்கம். அக்கா, "முதல்ல அளந்திருவோம் அண்ணாச்சி" என்றார். நாடா பிடித்து நீள அகலம் பார்த்த பிறகு, ஓர் அம்பாரத்தை நடுவில் வெட்டிக் காட்டச் சொன்னார். அடியில் மண்மேடு இருந்தால் மேலே கொஞ்சம் உப்பே போதும் அல்லவா?

முதலாளி கோபப்படவில்லை. "மூடுன அம்பாரத்த விக்கும்போதுதான் தொறக்கணும் தாயி. லட்சுமிய குத்திப் பாப்பாவளா?"

"லட்சுமி உள்ள இருக்காளான்னு தெரியணும்லா அண்ணாச்சி."

வேலையாட்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சீனியர் சிரிக்கவில்லை. இலை போட்டாயிற்று என்று ஆள் வந்து சொல்ல, எல்லோரும் நடந்தார்கள். அம்பாரம் திறக்கப்படவில்லை. அக்கா காரில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்த தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டார்.

திரும்பும்போது சீனியர், "ஏளா பொன்மலரு, அண்ணாச்சி மக கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்தவுக நாம. அவுக மூஞ்சிக்கு நேரா மம்பட்டிய எடுக்கச் சொல்லுதியே" என்றார்.

"முதுகுக்குப் பின்னால கேட்டா பரவாயில்லையா சார்?"

அப்பா சிரிப்பை மறைக்கக் காரணமில்லாமல் ஹாரன் அடித்தார்.

தணிக்கை அறிக்கையில் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும் என்றுதான் அக்கா கேட்டார்: அம்பாரங்களின் உள்ளே இருப்பதை எங்களால் சரிபார்க்க முடியவில்லை. "திருட்டுன்னு நான் சொல்லலயே சார். பாக்கலன்னுதான் சொல்லுதேன்." சீனியர் அறிக்கையில் தானே கையெழுத்துப் போட்டார். நான் அதை இணையத்தில் தேடிப் படித்தேன். கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்று இருந்தது. அக்கா கேட்ட வாக்கியம் இல்லை.

அதன்பின் அக்கா சீனியரின் அலுவலகத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. அவர் தனியாகப் பார்த்துவந்த வாடிக்கையாளர்களும் ஒவ்வொருவராக மாடியேறி வந்து தங்கள் கோப்புகளை வாங்கிப் போனார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. பழம் வாங்கி வந்து, "தப்பா நெனைக்காதீங்க மேடம்" என்றார்கள்.

அக்கா முன்பு கொஞ்ச காலம் ஐரோப்பாவில் வேலை பார்த்தவர். அங்கே வெட்டிக் காட்டியிருப்பார்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"காட்டியிருப்பாவ. கேட்டதுக்கு யாரும் மொகம் சுழிக்கவும் மாட்டாவ. ஆனா அங்கன மறைக்க வேண்டியத சட்டப் புஸ்தகத்துக்குள்ள ஒளிச்சு வைப்பாவ. இங்கன மரியாதைக்குள்ள ஒளிச்சு வைக்கோம். கணக்கு விதி என்னமோ ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்."

கடைசியில் உண்மை வெளிவந்துவிடும் என்று நான் படித்த புத்தகங்களை நம்பிக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த அம்பாரம் விற்றதோ கரைந்ததோ, இப்போது இல்லை. உள்ளே என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நிறுவனம் நன்றாக நடக்கிறது. அதன் புதிய கிடங்கைத் தாண்டித்தான் நான் பள்ளிக்குப் போகிறேன்.

அக்காவை வாசலில் கிடத்தியிருந்தபோது முதலாளி பெரிய மாலையோடு வந்தார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "சூது தெரியாத புள்ள" என்றார். அவரைக் கண்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து அக்காவின் தலைமாட்டில் போட்டார்கள். நானும் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

அக்காவிடமிருந்து துணிச்சலைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். என்னிடம் இருப்பது அது இல்லை. எழுந்துவிட்டோமே என்று அப்போது உடம்பெல்லாம் பரவிய கூச்சம் இருக்கிறது. அவரை அறிந்திராவிட்டால் அதுகூட எனக்கு வந்திருக்காது.